விஷமும் விசாரணையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது விஷத்தைப் பற்றியது. சமுதாயத்தைப் பற்றியும் மூடநம்பிக்கையைப் பற்றியும் பேசவேண்டிய மேடையில் விஷத்திற்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஒரு மனிதன் திடீரென்று செத்துப்போனால், அவன் எதனால் செத்தான், அவன் சாவுக்கு யார் பொறுப்பாளி என்று முடிவு சொல்லும் அதிகாரம் யார் கையில் இருப்பது என்பதுதான் நமது கேள்வி. அந்த அதிகாரம் குறி சொல்லுகிறவன் கையிலும் ஊர்வாயிலும் இருக்கின்ற வரையில் எந்த ஏழைக்கும், எந்தப் பெண்ணுக்கும் மானத்திற்கும் உயிருக்கும் உத்திரவாதமில்லை. அது சோதித்துப் பார்த்துச் சொல்லும் படிப்பின் கைக்கு வந்த பிறகுதான் குற்றவாளி அகப்படுவதும், குற்றமற்றவன் தப்புவதும் சாத்தியமாகும். அந்தப் படிப்புக்குத் தடய ரசாயனம் என்று பெயர். அதில் விஷங்களைப் பற்றிய பகுதிக்கு நச்சியல் என்று பெயர். அது எப்படி வந்தது, என்ன செய்கிறது, அதை யார் படிக்கவேண்டும் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

மருந்து வைத்தாள் என்னும் பழி

முதலில் நம் வீட்டிலிருந்தே ஆரம்பிப்போம். புருஷன் இளைத்துப்போனாலும், சாப்பாடு செல்லாமற் போனாலும், தாய் பேச்சை விட்டு மனைவி பேச்சைக் கேட்டாலும், "அவள் மருந்து வைத்துவிட்டாள்" என்று சொல்லுகிற வழக்கம் நமது நாட்டில் இருந்துவருவதை நீங்கள் அறிவீர்கள். உடனே மருந்தெடுக்கிறவனிடம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவன் வயிற்றின்மேல் குழாயை வைத்து உறிஞ்சி, ஏதோ ஒரு உருண்டையைத் துப்பிக் காட்டி, "இதுதான் ஆறு மாதத்திற்கு முன் வைத்த மருந்து" என்கிறான். கூடியிருப்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். அவன் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். வீட்டிலே சோறாக்கிப்போட்ட பெண்ணின் கதி என்னவாகிறது என்று யாரும் கேட்பதில்லை.

சற்று யோசித்துப் பாருங்கள். காலையில் தின்ற இட்டிலி மாலைக்குள் இரைப்பையைவிட்டுப் போய்விடுகிறது. ஆறு மாதத்திற்கு முன் தின்றது மாத்திரம் உருண்டை உருண்டையாய் உட்கார்ந்துகொண்டிருக்குமா? உட்கார்ந்திருந்தாலும் தோலில் ஒரு துவாரமுமில்லாமல் குழாய் வழியே எப்படி வெளியே வரும்? அந்த உருண்டை நோயாளியின் வயிற்றிலிருந்து வரவில்லை, மருந்தெடுக்கிறவன் வாயிலிருந்து வந்தது என்பதற்கு ரசாயனம்கூட வேண்டியதில்லை. அவனை முதலில் வாயைக் கொப்பளிக்கச் சொன்னாலே போதும்.

இதில் இன்னொரு அக்கிரமமும் இருக்கிறது. பொய் விஷத்திற்கு இவ்வளவு கூச்சல் போடுகிற ஊர், மெய்யான விஷத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. வெள்ளைப் பாஷாணம் தின்றவனுக்கு வாந்தியும் பேதியும் காணும்; காலராவிலும் அதேதான் காணும். ஆகவே காலரா பரவியிருந்த காலத்தில் ஒருவனுக்குப் பாஷாணம் கொடுத்தவன், அம்மன் கோபம் என்று சொல்லி இரவோடிரவாய்ப் புதைத்துவிட்டுத் தப்பிக்க வழியிருந்தது. குற்றமற்றவள் தலையில் பழி, குற்றம் செய்தவனுக்கு அம்மன் துணை. இதுதான் குருட்டு நம்பிக்கையின் நீதி.

சாஸ்திரத்தின் விஷப் பரீட்சை

நமது பெரியோர்கள் நீதி விசாரணைக்கு என்ன வழி சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். யாக்ஞவல்கிய ஸ்மிருதியில், சாட்சியில்லாத வழக்குகளில் குற்றத்தைக் கண்டுபிடிக்க ஐந்து பரீட்சைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. தராசில் ஏற்றி நிறுப்பது, பழுக்கக் காய்ச்சியதைக் கையில் ஏந்துவது, தண்ணீரில் முழுக்குவது, விஷம் கொடுப்பது, சாமி கழுவிய தீர்த்தத்தைக் குடிக்கச் செய்வது என்பவைகளே அவை. விஷத்தைத் தின்று ஒன்றும் ஆகாமல் ஜீரணித்துக்கொண்டவன் குற்றமற்றவனாம்! அதாவது இன்று நாம் எதைக் கண்டுபிடித்துக் குற்றத்தை ருசுப்படுத்துகிறோமோ, அதையே அன்று சர்க்காரே ஊட்டிக் குற்றத்தை ருசுப்படுத்தியிருக்கிறார்கள்.

இதிலும் எல்லோருக்கும் ஒரே பரீட்சையா என்றால் அதுவும் இல்லை. பெண்கள், குழந்தைகள், கிழவர்கள், குருடர், முடவர், நோயாளிகள் ஆகிய இவர்களுக்குத் தராசு. இது இரக்கத்தினால் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இந்த ஜாபிதாவிலேயே திடகாத்திரமான பார்ப்பனனையும் சேர்த்திருக்கிறார்கள். சூத்திரனுக்கோ நெருப்பு, அல்லது தண்ணீர், அல்லது ஏழு வாற்கோதுமை மணி எடை விஷம். தராசில் ஏறுகிறவன் செத்தான் என்று கேள்விப்பட்டதுண்டா? விஷத்தைத் தின்கிறவன் எந்த வர்ணத்தில் பிறந்தவன் என்று விஷத்துக்குத் தெரியாது. சாஸ்திரம் எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நமது நாட்டில் மாத்திரம்தான் இந்தப் புத்தியீனம் இருந்தது என்று நாம் சொல்லவில்லை. ஐரோப்பாவிலும் பாதிரிமார்கள் முன்னிலையில் காய்ச்சிய இரும்பைப் பிடிக்கச் சொல்லி விசாரணை நடத்தினார்கள். 1215-ம் வருஷத்தில் ரோமாபுரியில் கூடிய மதச்சபை, பாதிரிமார்கள் இதில் கலந்துகொள்ளக்கூடாது என்று தடுத்த பிறகுதான் அது ஒழிய ஆரம்பித்தது. ஆப்பிரிக்காவில் கலபார் என்கிற இடத்தில் ஒருவிதக் கொட்டையை அரைத்துக் குற்றவாளியென்று சந்தேகப்பட்டவனைக் குடிக்கச் செய்தார்கள். வாந்தியெடுத்தவன் பிழைத்தான், வயிற்றில் தங்கியவன் செத்தான். செத்தவனெல்லாம் குற்றவாளி என்று ஊரார் தீர்த்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்தக் கொட்டையின் பிற்காலச் சரித்திரத்தைக் கேளுங்கள். 1864-ல் ரசாயனிகள் அதிலுள்ள விஷச்சத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அது கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை கெடும் நோய்க்கு மருந்தாகப் பயன்பட்டது. ஊமத்தை விஷம் ஏறியவனுக்கு மாற்று மருந்தாகவும் பயன்படுகிறது. நம்பிக்கையின் கையிலிருந்த வரையில் ஆளைக் கொன்ற கொட்டை, ஆராய்ச்சியின் கைக்கு வந்தபின் கண்ணைக் காப்பாற்றிற்று என்றால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

கண்ணாடியில் படிந்த சாட்சி

இனி ரசாயனம் கோர்ட்டுக்குள் நுழைந்த விதத்தைப் பார்ப்போம். வெள்ளைப் பாஷாணத்திற்கு ருசியும் வாசனையும் கிடையாது. பார்வைக்குச் சர்க்கரைபோலும் மாவுபோலும் இருக்கும். சொத்துக்காகக் கிழவர்களைக் கொல்ல அதிகமாய் உபயோகப்பட்டதால் பிரான்சு தேசத்தில் அதற்கு "வாரிசுப் பொடி" என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார்கள்.

இங்கிலாந்தில் ஊல்விச் என்னும் ஊரில் ராணுவத் தளவாடச்சாலையில் வேலைபார்த்த ஜேம்ஸ் மார்ஷ் என்கிற ரசாயனியிடம் ஒரு காப்பியைச் சோதிக்கக் கொடுத்தார்கள். கிழவர் ஒருவர் செத்துப்போனார், பேரன்மேல் சந்தேகம். மார்ஷ் அக்காலத்து முறைப்படி சோதித்துப் பாஷாணம் இருப்பதைக் கண்டார். ஆனால் அவர் எடுத்து வைத்த மஞ்சள் படிவு வழக்கு நடப்பதற்குள் கெட்டுப்போய்விட்டதால் ஜூரிகள் நம்பவில்லை. பேரன் விடுதலையானான். மார்ஷ் ஜூரிகளைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. "பாமரனும் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளும்படியான அத்தாட்சியைக் காட்டுவது நமது கடமை" என்று கருதினவர் போல் உழைத்து, 1836-ல் ஒரு புது முறையை வெளியிட்டார்.

அதன் வேலை இதுதான். துத்தநாகத்தையும் கந்தகத் திராவகத்தையும் சேர்த்தால் ஹைட்ரஜன் வாயு எழும்பும். சந்தேகப்பட்ட பொருளை அதில் போட்டால், அதில் பாஷாணமிருந்தால் அது வாயுவோடு கலந்து வாயுவாகவே வெளியே வரும். அந்த வாயுவைக் கண்ணாடிக் குழாயில் சூடாக்கினால் பாஷாணம் பிரிந்து, குழாயின் உட்புறத்தில் பளபளப்பான கறுப்புப் படலமாய்ப் படியும். ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கண்ணாடியை ஜூரிகளிடம் கையில் கொடுக்கலாம். பொய்சாட்சி விலைக்குக் கிடைப்பான், இந்தக் கண்ணாடிக்கு விலைபேச முடியாது.

ஆனால் தோழர்களே! கருவி மாத்திரம் நன்றாயிருந்தால் போதாது, கையும் படித்த கையாயிருக்கவேண்டும். பிரான்சில் 1840-ல் மேரி லபார்ஜ் என்கிற பெண் தன் புருஷனுக்குப் பாஷாணம் கொடுத்துக் கொன்றதாய் வழக்கு நடந்தது. உள்ளூர் ரசாயனிகள் மார்ஷின் முறைப்படியே உடலைச் சோதித்துப் பாஷாணமில்லை என்றார்கள். பிறகு விஷ ஆராய்ச்சியில் அக்காலத்தில் முதல் மனிதராய் விளங்கிய ஒர்பிலா என்பவரைப் பாரிசிலிருந்து வரவழைத்தார்கள். அவர் அந்த உள்ளூர்க்காரர்களையே பக்கத்தில் வைத்துக்கொண்டு சோதித்து, உடலில் பாஷாணம் இருப்பதைக் காட்டினார். அதோடு நிற்காமல், அது தாம் உபயோகித்த திராவகங்களிலிருந்தும் வரவில்லை, சவப்பெட்டியைச் சுற்றியிருந்த மண்ணிலிருந்தும் வரவில்லை என்பதையும் தனித்தனியே சோதித்துச் சொன்னார். அந்த அம்மாளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தத் தீர்ப்புச் சரியா தப்பா என்று பின்னாலும் வாதம் நடந்துகொண்டே வந்திருக்கிறது. வாதம் நடக்கட்டும், அதில் தப்பில்லை. சாமியாடி சொன்ன தீர்ப்பை எவனாவது மறுபடி சோதித்துப் பார்த்ததுண்டா?

பாஷாணம் உலோகத்தைச் சேர்ந்த விஷம்போல் அழியாமல் கிடக்கும். செடிகொடிகளின் விஷமோ உடலோடு கலந்து மறைந்துபோகும், அதைச் சவத்திலிருந்து பிரிக்க வழியில்லை என்பது அக்காலத்து எண்ணம். 1850-ல் பெல்ஜியம் தேசத்தில் ஒரு பிரபு, மனைவியின் சகோதரனுடைய சொத்துக்கு ஆசைப்பட்டு, புகையிலையிலுள்ள நிகோடின் என்னும் விஷத்தால் அவனைக் கொன்றான். ஸ்டாஸ் என்கிற ரசாயனி மாதக்கணக்கில் உழைத்து, சாராயச்சத்தையும் ஈதரையும் கொண்டு உடலிலிருந்தே அந்த விஷத்தைப் பிரித்தெடுத்துக் காட்டினார். 1851-ல் அந்தப் பிரபுவின் தலை வெட்டப்பட்டது. பிரபு என்பதற்காக ரசாயனம் அவனுக்குச் சலுகை காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்டாஸ் காட்டிய அடிப்படையிலேயே இன்றைக்கும் செடிவிஷங்களைப் பிரித்தெடுக்கிறார்கள்.

ரசாயனம் தவறு செய்யாதா?

நிற்க. "சாஸ்திரத்தை நம்பாதே என்று சொல்லிவிட்டு ரசாயனியை நம்பு என்கிறீர்களே, இதுவும் ஒரு மூடநம்பிக்கைதானே" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ரசாயனியை நம்பச் சொல்லவில்லை, சோதனையைக் கேள்வி கேட்கச் சொல்லுகிறோம். கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளாதது எதுவோ அதற்குப் பெயர்தான் விஞ்ஞானம்.

பிரான்சில் லூடன் என்ற சிறிய ஊரில் மேரி பெனார் என்று ஒரு பெண். புருஷன் 1947-ல் இறந்தபின் ஊர்வாய் கிளம்பிற்று. புருஷனை மாத்திரமல்ல, உறவினர் பலரையும் பாஷாணம் வைத்துக் கொன்றாள் என்றார்கள். புதைத்த உடல்களைத் தோண்டியெடுத்தார்கள். சோதனையில் பாஷாணம் இருக்கிறது என்று சொல்லப்பட்டது. 1949-ல் அவள் கைதானாள். அவள் பக்கத்து வக்கீல்கள் விடவில்லை. எந்தச் சீசாவில் எந்த உடலின் பாகம் இருந்தது என்பதற்குச் சரியான கணக்கு இருக்கிறதா என்று கேட்டார்கள். கல்லறை மண்ணிலேயே பாஷாணம் இருக்கிறதே, மண்ணிலுள்ள நுண்கிருமிகள் அதைக் கரையச் செய்தால் அது பிரேதத்தில் ஏறாதா என்று கேட்டார்கள். வழக்கு மூன்று தடவை விசாரணைக்கு வந்து, கடைசியில் 1961-ல் அவள் விடுதலையானாள். ஊர்வாய் பிடித்துக்கொடுத்த பெண்ணை, சோதனையைச் சோதித்துப் பார்த்ததே மீட்டது.

இன்னொன்றும் பாருங்கள். 1889-ல் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பிளாரென்ஸ் மேபிரிக் என்ற பெண்ணுக்குப் புருஷனைப் பாஷாணத்தால் கொன்றதாய்த் தூக்குத் தண்டனை விதித்தார்கள். அந்தப் புருஷனோ பாஷாணத்தை மருந்தென்று தானே தின்றுவந்தவன். அவன் உடலிலிருந்த அளவு சாவதற்குப் போதுமா என்பதே சந்தேகமாயிற்று. தூக்கு ஆயுள் தண்டனையாய் மாற்றப்பட்டு, 1904-ல்தான் அவள் வெளியே வந்தாள். "விஷம் இருந்தது" என்பது ஒரு பேச்சு, "விஷத்தால் செத்தான்" என்பது வேறு பேச்சு, "இவள் கொடுத்தாள்" என்பது மூன்றாவது பேச்சு. முதலாவதை ரசாயனம் சொல்லும். இரண்டாவதற்கு வைத்தியரும் சேரவேண்டும். மூன்றாவதை மற்ற சாட்சியங்கள்தான் சொல்லவேண்டும். நமது நாட்டிலும் பாதரசமும் பாஷாணமும் சேர்ந்த செந்தூரம், பற்பம் முதலியவைகளைத் தின்கிறவர்கள் இருப்பதால், செத்தவன் உயிரோடிருந்தபோது என்ன மருந்து தின்றான் என்று கேட்காமல் எவளையும் கூண்டில் ஏற்றக்கூடாது.

நமது நாட்டில்

தோழர்களே! இந்தியாவில் முதன்முதல் சர்க்கார் ரசாயனப் பரிசோதகர் சாலை ஏற்பட்டது நமது சென்னையில்தான். 1849-ல் அது ஆரம்பமாயிற்று. அதன் பிறகுதான் கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஏற்பட்டன. இன்று சென்னை மயிலாப்பூரில் தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறை வேலை செய்துவருகிறது.

இந்தப் பரிசோதகர்களின் மேசைக்கு வந்த விஷங்களெல்லாம் நமது வேலியிலும் வயலிலும் வளருகிறவைகளே. அரளி, எட்டி, ஊமத்தை, கண்வலிக்கிழங்கு, ஒடுவன்தழை, குன்றிமணி ஆகிய இவைகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அரளி விதையின் விஷம் இருதயத் துடிப்பைக் கெடுக்கும். எட்டியின் விஷம் உடம்பை வில்போல் வளைத்து இழுக்கும். இதைப் பேய் பிடித்ததென்று வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் ஆள் மிஞ்சமாட்டான். ஊமத்தை கொடுத்தவனுக்குக் கண்பாவை விரிந்து, புத்தி தடுமாறி, இல்லாததைப் பிடிக்கப்போவான். வழிப்போக்கர்களுக்குச் சோற்றில் ஊமத்தை கலந்து கொள்ளையடித்த கூட்டங்கள் முன் காலத்தில் இருந்தன. அப்படி மயங்கினவனைப் பார்த்து, "மோகினி அடித்துவிட்டாள்" என்று சொன்னால் கொள்ளைக்காரனுக்கு எவ்வளவு சௌகரியம் பாருங்கள்! அதுபோலவே, தோலுக்கு ஆசைப்பட்டுக் குன்றிமணி விஷத்தை மாட்டின் உடம்பில் குத்திக் கொல்லுவதும் இருந்தது. குடியானவன் ஏவல் என்று சொல்லி மந்திரவாதிக்குக் கோழியும் கொடுப்பான். மாடும் போய், கோழியும் போய், குற்றவாளி மாத்திரம் சுகமாயிருப்பான்.

பொய்வழக்குக்கும் இந்தப் படிப்பு எமனாயிருக்கிறது. சேங்கொட்டைச் சாற்றைத் தோலில் தடவி, கறுத்துப் போனதைக் காட்டி, "அடித்துவிட்டான்" என்று ஏழையின்மேல் வழக்குப் போடுவதுண்டு. அந்த இடத்தில் அரிப்பும் கொப்புளமும் காணும். அடியினால் கன்றிய இடத்தில் அவை இரா. தோலில் ஒட்டியிருப்பதைக் கழுவியெடுத்துச் சோதித்தால் சங்கதி வெளியாகிவிடும்.

இரத்தக் கறையும் அப்படியே. 1901-ல் ஜெர்மனியில் ஊலென்ஹூத் என்பவர் மனிதரத்தத்தையும் மிருகரத்தத்தையும் பிரித்தறிய வழி கண்டுபிடித்தார். அவ்வருஷத்திலேயே, சிறுவர் இருவரைக் கொன்றதாய்ப் பிடிபட்ட ஒரு தச்சன் தன் உடுப்பிலிருந்தது மரச்சாயம் என்று சாதித்தபோது, அதில் மனிதரத்தமும் ஆட்டுரத்தமும் இருப்பதைத் தனித்தனியே காட்டினார். மனிதனையும் ஆட்டையும் பிரித்துக் காட்டுகிற அந்தச் சோதனை, பார்ப்பனனையும் பறையனையும் பிரித்துக் காட்டவில்லை. மனுஸ்மிருதிக்குத் தெரிந்த வித்தியாசம் சோதனைக் குழாய்க்குத் தெரியவில்லை!

சோதனைச் சாலையில் நடப்பது

சந்தேகமான சாவில் வைத்தியர் உடலை அறுத்துப் பார்த்து, இரைப்பை, சிறுகுடலில் ஒரு பகுதி, ஈரல், மூத்திரக்காய் முதலியவைகளில் வேண்டியதை எடுத்து, உப்பு நிறையக் கரைத்த தண்ணீரில் சீசாக்களில் போட்டு அரக்கு முத்திரை வைக்கிறார். அந்த உப்புத் தண்ணீரிலும் கொஞ்சம் தனிச் சீசாவில் போய்ச் சேருகிறது. ஏன் தெரியுமா? விஷம் உடலிலிருந்து வந்ததா, உப்புத் தண்ணீரிலிருந்தே வந்ததா என்று பார்ப்பதற்காக. தன் கையிலுள்ள தண்ணீரையே சந்தேகிக்கிற இந்தப் புத்திதான் இந்தப் படிப்பின் உயிர். தன் கையிலுள்ள தீர்த்தத்தைச் சந்தேகித்த பூசாரி எங்கேயாவது உண்டா?

சாலையில் முத்திரை உடையாமலிருக்கிறதா என்று முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுகிறார்கள். பிறகு விஷத்தைப் பிரித்தெடுத்து, மெல்லிய பூச்சுப் பூசிய தட்டில் ஓடவிட்டு, எந்த உயரத்தில் எந்த நிறத்தில் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். பக்கத்திலேயே தெரிந்த விஷத்தையும் ஓடவிட்டு ஒத்துப் பார்க்கிறார்கள். பிறகு இயந்திரத்தில் விஷத்தை ஆவியாக்கிப் பிரித்து, அதன் மூலக்கூறுகளை உடைத்து, உடைந்த துண்டுகளின் எடையைக்கொண்டு இன்னதென்று நிச்சயிக்கிறார்கள். உலோக விஷமானால், ஒவ்வொரு உலோகமும் தனக்கென்று உறிஞ்சும் ஒளியைக் கொண்டு அளவையும் சொல்லிவிடுகிறார்கள். முன்காலத்தில் பாஷாணம் பிரதானமாயிருந்தது. இன்று கிராமங்களில் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தே பெரும் விஷமாயிருக்கிறது.

2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் அமலுக்கு வந்த புதிய குற்ற விசாரணைச் சட்டத்தில், ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கே போய்த் தடயங்களைச் சேகரிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். மாநில சர்க்கார்கள் ஐந்து வருஷத்திற்குள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். சட்டம் எழுதியாயிற்று. போவதற்கு ஆள் வேண்டாமா?

யார் படிப்பது?

ஆகவேதான் நமது வாலிபர்கள் இந்தப் படிப்புக்கு வரவேண்டும் என்கிறோம். பள்ளிக்கூடத்தில் ரசாயனத்தை மனப்பாடம் பண்ணாமல் புரிந்துகொண்டு படிக்கட்டும். காலேஜில் ரசாயனமோ உயிரியலோ எடுத்துத் தேறி, அதன்மேல் தடய அறிவியலில் பட்டம் பெறலாம். இதற்கென்றே 2020-ல் பார்லிமெண்டு சட்டத்தின்படி குஜராத்தில் காந்திநகரைத் தலைமை இடமாகக்கொண்டு தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் ஏற்பட்டிருக்கிறது. விஷங்கள் உடலில் எப்படிப் பரவும், எங்கே தங்கும், எவ்வளவு நாளில் வெளியேறும், எந்த அளவில் மருந்து, எந்த அளவில் விஷம் என்பவைகளும், தடயத்தைக் கெடாமல் எடுத்து முத்திரையிட்டுக் கணக்கு வைப்பதும், கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்குப் பயப்படாமல் தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லுவதும் இதில் அடக்கம்.

முக்கியமாகப் பெண்கள் படிக்கவேண்டும். "மருந்து வைத்தாள்" என்ற பழியைச் சுமந்தவர்கள் பெண்கள். அந்தப் பழி மெய்யா பொய்யா என்று சோதித்துச் சொல்லும் நாற்காலியிலும் பெண்கள் உட்காரட்டும். பறையன் தொட்டால் தீட்டு என்று சொல்லப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளும் படிக்கட்டும். மேல்ஜாதிக்காரன் கொலை செய்தாலும் கீழ்ஜாதிக்காரன் கொலை செய்தாலும் ஒரே விதமாய்ப் படியும் கண்ணாடியைப் பிடிப்பதற்கு எல்லாக் கைகளுக்கும் உரிமை உண்டு.

நாம் செய்யவேண்டியது

கடைசியாக, படிக்கப் போகாத நாமும் செய்யவேண்டியவை சில இருக்கின்றன.

விஷம் தின்றவனுக்குச் சாணியைக் கரைத்து ஊற்றுவதையும், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்வதையும் நிறுத்துங்கள். மயங்கினவன் வாயில் ஊற்றியது மூச்சுக்குழலில் இறங்கினால் விஷத்துக்கு முன் அதுவே கொன்றுவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அவன் தின்ற மருந்துப் புட்டியையோ, இலையையோ, விதையையோ கூடவே எடுத்துப்போங்கள். அது வைத்தியருக்கு வழிகாட்டும்.

சந்தேகமான சாவு நேர்ந்தால் "நல்ல நேரம் போய்விடும்" என்று அவசர அவசரமாய் எரித்துவிடாதீர்கள். எரித்த சாம்பலில் செடிவிஷம் கிடைக்காது. சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவாதீர்கள், வாந்தியெடுத்த துணியைத் துவைக்காதீர்கள், ஒன்றையும் தொடாமல் போலீசுக்குத் தெரிவியுங்கள். பிரேதத்தை அறுத்தால் மோட்சமில்லை என்பவனிடம், அறுக்காவிட்டால் நியாயமில்லையே என்று சொல்லுங்கள்.

எவளாவது ஒருத்தியை "இவள்தான் மருந்து வைத்தாள்" என்று ஊர் கூடிப் பிடித்தால், உங்களில் ஒருவராவது எழுந்து, "எந்தச் சாலையில் சோதித்தார்கள்? யார் சோதித்தார்கள்? முத்திரை சரியாயிருந்ததா?" என்று கேளுங்கள். பதில் வராது. பதில் வராத இடத்தில் பழிக்கும் இடமில்லை என்று சொல்லி, அவளை வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

நாம் சொன்னவைகளையும் அப்படியே நம்பிவிடாமல் உங்கள் அறிவைக்கொண்டு சோதித்துப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு எமது பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.